சந்தைக்குப் போவது யார்? வளர்ச்சியியல் முதுகலையில் ஆய்வுமுறைத் தாளின் வரிசை குறித்து

சர்வதேச வளர்ச்சியியலை முதுகலையில் எடுத்தவர்களுக்கு ஆய்வுமுறைத் தாள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடத்தப்படுகிறது. ஆய்வு வடிவமைப்பு, மாதிரித் தேர்வு, புள்ளியியல், தாக்க மதிப்பீடு என்று போய், பருவத்தின் கடைசி வாரங்களில் நேர்காணலும் களக்குறிப்பும் வந்து சேரும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவருக்கும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தபின், மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனைக்கு இத்தாளில் தனி மவுசு வந்துவிட்டது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். வீட்டுக்குள் யார் எதைத் தீர்மானிக்கிறார் என்ற அறிவு அளவீட்டுக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் வந்தால், தோல்விக்குக் காரணம் சொல்லத்தான் அது பயன்படும். இதற்கு வங்கதேசத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதை தமிழ்நாட்டில் தொடங்குகிறது. உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் இங்கே தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான கிராமக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதங்களுக்குச் சத்துணவு உருண்டை கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்தினார்கள். கூடவே, என்ன ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்று தாய்க்கு ஊர்ப் பணியாளர் சொல்லிக்கொடுத்தார். திட்டத்தின் அச்சாணி உருண்டை அல்ல, இந்த அறிவுரைதான். கடுமையான எடைக்குறைவு கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982இல் வந்து, இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளையும் தொட்டதால், பலனில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அப்போதே சிக்கலான கணக்கு. ஆனாலும் 'தமிழ்நாட்டில் வென்றது' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரோடுதான் திட்டம் 1995இல் வங்கதேசத்துக்குப் போனது. சுமார் 6 கோடி டாலர் செலவில், ஏறக்குறைய அதே அமைப்பு: உள்ளூர்ப் பெண் பணியாளர், மாதாந்தர எடை, சத்துணவு, தாய்க்கு அறிவுரை. பலன் மிகச் சொற்பம் என்று 2005இல் உலக வங்கியின் மதிப்பீட்டுத் துறை அறிவித்தது. அவ்வாய்வை நடத்திய ஹோவர்ட் ஒயிட் வெறும் 'பலன் இல்லை' என்பதோடு நிற்கவில்லை. உள்ளீட்டிலிருந்து குழந்தையின் எடை வரை உள்ள கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எது அறுந்தது என்று தேடினார். தாய்மாரின் அறிவு கூடியிருந்தது. நடைமுறை அந்த அளவுக்கு மாறவில்லை. வங்கதேசக் கிராமத்தில் சந்தைக்குப் போய் மீனும் காயும் வாங்கி வருபவர் பெரும்பாலும் ஆண். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியின் அதிகாரம் மாமியாருடையது. யாருக்கு எந்தத் துண்டு, யார் கடைசியில் சாப்பிடுவது என்பதில் இளம் தாயின் சொல் எடுபடாது. திட்டமோ அந்தத் தாயைத்தான் உட்காரவைத்துப் பாடம் நடத்தியது. போதாததற்கு, மையத்தில் குழந்தை சாப்பிட்டதென்று வீட்டில் அதன் பங்கு குறைந்த இடங்களும் உண்டு. நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012இல் எழுதிய நூலுக்குப் பிறகு இந்த ஒப்பீடு கொள்கை ஆய்வாளர்களிடையே பாடமாகிவிட்டது. இதற்கு மறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. வங்கதேசத் திட்டத்தின் மீது 'சேவ் தி சில்ரன்' அமைப்பினர் முன்பு செய்திருந்த விமர்சனத்துக்கு, ஊட்டச்சத்து வல்லுநர்கள் முறையியல் அடிப்படையிலேயே பதில் எழுதினார்கள். பலனின் அளவு பற்றிய அந்தச் சண்டை என் வாதத்தைத் தொடவில்லை. அறிவுரை தவறான ஆளிடம் போனது என்பதே இங்கு முக்கியம்.

சோதனை முறையின் ஆதரவாளர் ஒரு நல்ல கேள்வி கேட்பார்: வங்கதேசத்தில் முதலிலேயே ஒரு சமவாய்ப்புச் சோதனை நடத்தியிருந்தால் தோல்வி சீக்கிரமே தெரிந்து, பணம் மிஞ்சியிருக்குமே? மிஞ்சியிருக்கும்தான். ஆனால் பலன் இல்லை என்று தெரிந்தால், சத்துணவை இன்னும் கூட்டு, பணியாளருக்கு மறுபயிற்சி கொடு என்றுதான் அடுத்த அறிக்கை சொல்லியிருக்கும். மாமியார் அச்சோதனையின் அட்டவணையில் இடம்பெற, மாமியார் என்ற மாறி யாருடைய தலையிலாவது முன்பே உதித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் திட்டத்தையே குறையற்ற சோதனையாக நடத்தியிருந்தாலும் இதே கதைதான். இங்கே கிடைத்த சராசரி பலன், இங்கே அதைத் தாங்கி நின்ற குடும்ப ஏற்பாட்டைச் சொல்லாது. அந்த ஏற்பாட்டைப் பெட்டியில் போட்டு இன்னொரு நாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

கேள்விப் படிவத்தைப் பாருங்கள். ஆறாம் மாதத்தில் என்ன உணவு கொடுக்க வேண்டும், எத்தனை வேளை, கை கழுவுவது ஏன்: இவை அறிவைச் சோதிக்கும் கேள்விகள். பதில்கள் நேர்த்தியாகக் குறியீடாகும், கணினியில் ஏறும், முன்னேற்றத்தைக் காட்டும். போன வாரம் இந்த வீட்டுக்கு மீன் வாங்கியது யார், பணம் யார் கையிலிருந்து போனது, சட்டியிலிருந்து எடுத்து வைத்தது யார் என்ற மூன்று கேள்விகள் சேர்ந்திருந்தால் திட்டம் வேறு ஆட்களோடு பேசியிருக்கும். புள்ளியியல் பயிற்சி இந்த மூன்றையும் தராது. திண்ணையிலோ அடுப்படியிலோ ஒரு வாரம் உட்கார்ந்தவருக்கு அவை தானாக வரும். படிவம்தான் எண்ணை உண்டாக்குகிறது என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சான்று உண்டு. 1999-2000இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த பத்திகளில் கேட்டது. வறுமை 36 விழுக்காட்டிலிருந்து 26க்கு இறங்கியதாக வந்த கணக்கு உண்மையா, பத்திகளின் விளைவா என்று பொருளியலாளர்கள் வருடக்கணக்கில் வாதிட்டார்கள்.

எண்ணைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவுக்கும் நடைமுறைக்கும் இருந்த இடைவெளியை ஒயிட் நிறுவியது கணக்கெடுப்புத் தரவுகளை வைத்துத்தான். களத்தில் கேட்ட சங்கதி எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும் என்பதற்கு மாதிரிதான் விடை. இப்போது ஆய்வேடுகளில் 'கலப்பு முறை' என்று எழுதப்படுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. இருநூறு படிவம், அதன்மேல் அலங்காரமாக இரண்டு குழு உரையாடல்; அந்த உரையாடலால் படிவத்தில் ஒரு கேள்விகூட மாறியிருக்காது. மாறாத படிவத்தைக் கலப்பு என்று சொல்லக் கூடாது.

வரிசையை மாற்றினால் காலமும் மாறியாக வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிப்பவர் பெரும்பாலும் கோடை விடுமுறையில் களத்துக்குப் போய், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ ஆய்வேட்டை ஒப்படைக்கிறார். வளர்ச்சி வல்லுநர்கள் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களையே பார்க்கிறார்கள், வறண்ட மாதங்களிலேயே வருகிறார்கள், வசதியுள்ளவர்களிடமே பேசுகிறார்கள் என்று ராபர்ட் சேம்பர்ஸ் 1983லேயே எழுதினார். பல்கலைக்கழக நாட்காட்டி அந்தப் பட்டியலில் இன்னொரு பருவச் சாய்வைச் சேர்த்திருக்கிறது. வடக்கு வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் 'மொங்கா' என்னும் பசிக்காலம் ஆமன் நெல் அறுவடைக்கு முந்திய செப்டம்பர்-நவம்பர் வாரங்களில் வரும். வயல் வேலை இல்லாமல் கூலிக் குடும்பங்கள் ஒரு வேளையைக் குறைக்கும் நாட்கள் அவை. யார் தட்டு முதலில் காலியாக இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். மாணவர் அதற்குள் விமானம் ஏறியிருப்பார். ஆகவே முதற்பருவத்தில் அவரை ஒரு வீட்டு அடுப்படியில் உட்காரவைத்து, இரண்டாம் பருவத்தில் அவரே எழுதிய படிவத்துக்கு மாதிரித் தேர்வு சொல்லிக்கொடுத்து, ஆய்வேட்டுக்கான கெடுவை அறுவடைக்குப் பின்னால் தள்ளும் பாடத்திட்டம் ஒன்று வேண்டும். கட்டணமும் விசாவும் அதற்கு இடம் தராது என்பார்கள். கட்டணமும் விசாவும் தீர்மானிப்பதை ஆய்வு வடிவமைப்பு என்ற தலைப்பில் கற்பிக்காமலாவது இருக்கலாம்.