வரியா, வாரியா?
(சட்டமன்றத்தில் பேசியது ஊருக்கு வந்து சேர்ந்த கதை)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், நீங்க ஹிஸ்டரி ஸ்டூடண்ட். சுருக்கெழுத்து வேலையும் பார்த்திருக்கீங்க. ரெண்டையும் சேர்த்து மலருக்கு ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று யோசித்தேன். ஒரு துணைக்கால்தான் ஞாபகம் வந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1973 முதல் 1976 வரை நம் கும்பகோணம் அரசு கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தேன். ஊர் சுவாமிமலை. காலையில் டவுன் பஸ் பிடித்து வந்தால், கல்லூரி முடிந்த கையோடு இன்ஸ்டிட்யூட். அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாப் பையன்களுக்கு டிகிரியோடு டைப்பிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் இருந்தால்தான் சோறு என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். நான் தமிழ்ச் சுருக்கெழுத்தில் சேர்ந்தேன்.

ஒரு நாள் மாஸ்டர், சட்டமன்ற உறுப்பினர் பேசுவது மாதிரி ஒரு பயிற்சி கொடுத்தார். "எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு வாரி வேண்டும், இதை நாங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்" என்று போகும். வாரி என்றால் வயலில் தேங்கும் தண்ணீரை வடிக்கும் கால் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். நான் தட்டச்சு செய்து நீட்டிய தாளில் "எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு வரி வேண்டும்" என்றிருந்தது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, ஊரு தண்ணியில நிக்குது. நீ அவங்க மேல வரி போடச் சொல்றியே! ஒரு துணைக்கால்தானே போச்சுன்னு நெனைக்காதே. நாளைக்கு அந்தப் புஸ்தகத்தைப் பாக்கறவன், அந்த எம்.எல்.ஏ. இப்படித்தான் பேசினாருன்னு நம்புவான்" என்றார்.

சுருக்கெழுத்தின் சூட்சுமமே அதுதான். 1837-இல் ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் வெளியிட்ட முறையில் மெய்யெழுத்துக்குக் கோடு. உயிருக்குப் புள்ளியும் சிறு கீற்றும். வேகமாக எழுதும்போது புள்ளியெல்லாம் போட நேரம் ஏது? கோட்டை மட்டும் இழுத்துவிட்டு, பிறகு இடம் பார்த்து, பொருள் பார்த்துப் படிக்க வேண்டும். வரியும் வாரியும் கோட்டில் அண்ணன் தம்பி. எது என்று முடிவு செய்வது எழுதியவனின் கவனம்தான்.

தாத்தாவும் ஐந்தில் இரண்டும்

இந்தக் கவனம் யாருக்காக என்பது எனக்கு வீட்டில்தான் புரிந்தது. என் தாத்தா சுவாமிமலைக்குப் பக்கத்தில் வாரத்துக்குச் சாகுபடி செய்தவர். 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு முதலில் அவசரச் சட்டமும், பிறகு சட்டமும் வந்தன. கண்டுமுதலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடிக்காரனுக்கு உண்டு என்றது சட்டம். அதுவரை அவர் வீட்டுக்கு வந்தது அதைவிடக் குறைவு.

களத்துமேட்டில் தாத்தா இதைக் கேட்டபோது மிராசுதாரின் காரியஸ்தர், "அதெல்லாம் மெட்ராஸ்ல பேசிக்கிறது. இங்க யாரு வந்து சொன்னா?" என்றாராம். சட்டம் இருந்தது ஆங்கிலத்தில். அச்சிட்ட கெஜட் இருந்தது ஆபீசில். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பேப்பரை வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னார். அந்தத் துண்டுப் பேப்பரை மடித்து மடியில் கட்டிக்கொண்டு தாத்தா மறுபடி களத்துக்குப் போனார். பங்கு சரியாக வர இன்னொரு அறுவடை ஆயிற்று. அந்த ஒரு போகம் போனது போனதுதான்.

"சட்டம் வந்த தேதி வேற, நமக்கு வந்த தேதி வேறடா" என்று அப்பா சொல்வார். சட்டமன்றத் தகவல் தொழில்நுட்பம் என்று இன்று பெரிய பெயர் சொல்கிறோமே, அதன் வேலை இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைப்பதுதான்.

பேனாவும் கட்டையும்

சென்னைக்குச் சட்டமன்றம் வந்தது 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதில் இருந்தவர்கள் சிலர், அவர்களும் நியமிக்கப்பட்டவர்கள், கேள்வி கேட்கும் உரிமையே 1892-இல்தான் வந்தது. கேள்வி என்று ஒன்று வந்தாலே பதில் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்க ஆள் வேண்டும். லண்டன் பார்லிமெண்டில் இந்த வேலைக்குப் பழைய பாரம்பரியம் உண்டு. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இளமையில் சுருக்கெழுத்து கற்று, பார்லிமெண்டு விவாதங்களைப் பத்திரிகைகளுக்கு எழுதியவர்தான்.

நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. வலங்கைமானில் பிறந்து இங்கே படித்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1913-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கும், பின்னர் இந்தியச் சட்டமன்றத்துக்கும் போனார். 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் பேசிய பேச்சை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். மசோதாவை அவரால் தடுக்க முடியவில்லை. மார்ச்சில் அது சட்டமாகிவிட்டது. ஆனால் அவர் பேச்சு அழியவில்லை. அவைக் குறிப்பில் அது இருப்பதால்தான் நூறாண்டு கழித்தும் நாம் படிக்கிறோம். பெயர் தெரியாத எவனோ ஒருவன் பேனாவோடு அங்கே உட்கார்ந்திருந்தான்.

அது ஆங்கிலம், தமிழுக்குப் பாடு அதிகம். 1952-இல் கூடிய சென்னை மாகாணப் பேரவையில் 375 உறுப்பினர்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிக்காரர்களும் இருந்தார்கள். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மொழிவாரி எல்லைகள் வந்தன. அந்த ஆண்டே தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டமும் நிறைவேறியது. சட்டம் போட்டால் போதுமா? தமிழில் வேகமாக எழுத ஆள் வேண்டும், அடிக்க மெஷின் வேண்டும்.

மெஷின் கொடுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா. 247 எழுத்தை ஒரு தட்டச்சுப் பலகைக்குள் அடக்கப் புள்ளிக்கும் சில குறிகளுக்கும் நகராத கட்டைகளை வைத்தார். அதை அடித்தால் வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களின் பழைய உருவம் மாறி, மற்ற எழுத்துக்களைப் போலவே துணைக்காலும் ஐகாரக் குறியும் பெற்றன. அந்த வருஷம்தான் சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கை பழைய எழுத்தை எழுதும்; மேலதிகாரி புதிய எழுத்தைக் கேட்பார்!

எடிசனுக்குக் கிடைத்த பதில்

மெஷின் என்றாலே எல்லா அவையும் வாரி அணைத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். தாமஸ் எடிசன் 1869-இல் வாங்கிய முதல் காப்புரிமையே சட்டமன்றத்தில் வாக்கு எண்ணும் மின்கருவிக்குத்தான். உறுப்பினர் பொத்தானை அழுத்தினால் போதும். பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டாம். வாஷிங்டனில் காட்டியபோது வேண்டாம் என்றுவிட்டார்கள். வாக்கெடுப்பு மெதுவாக நடப்பதுதான் சிறுபான்மைக் கட்சிக்கு அவகாசம் தருகிறது, அதை வேகப்படுத்தவா என்பது அவர்கள் வாதம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மின்வாக்குப் பதிவுக்கு வர 1973 ஆயிற்று. நம் மக்களவையில் 1957-லேயே அந்தக் கருவி வந்துவிட்டது. சுதந்திரம் பெற்றுப் பத்தே ஆண்டு! நாம் எப்போதும் பின்தங்கியவர்கள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு கம்ப்யூட்டர். 1976-இல் தேசியத் தகவலியல் மையம் அமைந்தது. 1985-இல் நாடாளுமன்றத்தில் கணினி மையம் வந்து, கேள்விகளுக்கும் விவாதங்களுக்கும் அகராதி போலத் தேடுபட்டியல் உருவாயிற்று. 1994 டிசம்பரில் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தைத் தொலைக்காட்சியில் காட்ட ஆரம்பித்தார்கள்.

தமிழ் மறுபடியும் வரிசையில் நின்றது. தொண்ணூறுகளில் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் ஒவ்வொரு கணக்கில் எழுத்துக்களை அடுக்கியிருந்தார். இங்கே அடித்த கடிதத்தை ஃபிளாப்பியில் கொண்டுபோய் இன்னோர் ஆபீசில் திறந்தால் பூச்சி பூச்சியாக நிற்கும். ஒரு முறை இரண்டு நாள் வேலை அப்படியே போய், ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி அடித்தேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு 'தமிழ் 99' விசைப்பலகையைத் தந்தது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடு அரசின் தரமாயிற்று. அதற்கு முன் அடித்துச் சேர்த்ததில் எவ்வளவோ இன்று திறந்தாலும் படிக்க முடியாத பூச்சிதான்.

அதற்குப் பிறகு வேகம். 2014-இல் இமாசலப் பிரதேசப் பேரவை காகிதமில்லாத அவையாயிற்று. 2021 ஆகஸ்ட் 13-இல், கொரோனா காரணமாகப் பேரவை கலைவாணர் அரங்கத்தில் கூடியபோது, நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழகத்தின் முதல் காகிதமில்லா பட்ஜெட்டைப் படித்தார். உறுப்பினர்கள் திரையில் பார்த்தார்கள். மறுநாள் முதன்முதலாக வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட். 2022 ஜனவரி 6-இல் கேள்வி நேரம் நேரலையாயிற்று. சுவாமிமலைச் சன்னதித் தெருவில் செல்போனை வைத்துக்கொண்டு அமைச்சர் பதில் சொல்வதை அந்த நிமிஷமே நான் பார்த்தேன். தாத்தாவின் நினைப்பு வந்தது. ஒரு போகம் பிந்தி வந்த சேதி, இப்போது ஒரு நொடியில்!

மறுபடியும் துணைக்கால்

ஆனால் கதை இங்கே முடியவில்லை. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. டெல்டாவைப் பற்றி முன்பெல்லாம் அவையில் யார் என்ன பேசினார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். பழைய நடவடிக்கைக் குறிப்புகள் மின்படியாகி வருவது நல்ல காலம். என் பேத்தி ஒரு பழைய தொகுதியின் சில பக்கங்களை எழுத்தறியும் மென்பொருளில் போட்டுக் கொடுத்தாள். 'வாரி' என்று தேடினேன். ஒன்றும் இல்லை என்றது கணினி. பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் நடுவில் நிற்கிறது வாரி! மென்பொருள் துணைக்காலை ரகரம் என்று எடுத்துக்கொண்டு 'வரரி' என்று எழுதி வைத்திருக்கிறது. ஐம்பது வருஷம் முன்பு நான் விட்ட அதே துணைக்கால்.

நண்பர்களே, இந்தச் சிக்கல் நம் கல்லூரிக்குப் புதிதல்ல. 1880 முதல் 1903 வரை இங்கே தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் இதே மல்லுக்கட்டைச் செய்தவர். பழைய ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இராது. பொருள் பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி உழைத்துத்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஓலையாகட்டும், சுருக்கெழுத்தாகட்டும், கணினியாகட்டும், கருவி கோட்டைத்தான் தரும். வரியா வாரியா என்று அது சொல்லாது. தப்பாகப் பதிவான சொல் தேடுகிறவனுக்கு இல்லாத சொல். தன் ஊருக்கு என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்று நாளை ஒரு விவசாயி தேடும்போது "இல்லை" என்று வந்தால், அன்று காரியஸ்தர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இன்றைய மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தாலுகா பற்றிய பழைய சட்டமன்றப் பேச்சுகளைத் திரட்டி, வகுப்புக்குப் பத்துப் பக்கம் என்று எடுத்து, கணினி எழுதித் தந்ததை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். வரலாறு, தமிழ், கணினி அறிவியல் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்தால் ஒரு வருஷத்தில் உருப்படியாக ஏதாவது கையில் இருக்கும். சனிக்கிழமை தோறும் நான் வரத் தயார். என்னைப்போல் ரிடையரான பழைய மாணவர்கள் சிலரும் வருவார்கள்.

அப்பனுக்குப் பிள்ளை உபதேசம் சொன்ன ஊர் என்னுடையது. கணினியை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். நாங்கள் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறோம். எது வாரி, எது வரி என்று கேளுங்கள். அதை நாங்கள் சொல்கிறோம்.

வாழ்க நம் கல்லூரி!