பால் பிடித்த கதிர்

போன ஞாயிற்றுக்கிழமை நாலு ஸ்வீட் கார்ன் வாங்கி வந்தேன். குக்கரில் போட்டு, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நாலு விசில். திறந்து பார்த்தால் மணியெல்லாம் குழைந்து, இனிப்பு தண்ணீரில் இறங்கியிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "முத்துன நாட்டுச் சோளத்துக்குத்தான்டா நாலு விசிலு. இதுக்கு எதுக்கு? பச்சையாவே திங்கலாமே" என்றாள்.

அம்மா சொன்னது சரிதான். கொதிக்கிற தண்ணீரில் உரித்த கதிரைப் போட்டால் ஐந்து நிமிடம் போதும். தோகையோடு மைக்ரோவேவில் வைத்தால் ஒரு கதிருக்கு நாலு நிமிடம். அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு நுனியைப் பிடித்து உதறினால் கதிர் வழுக்கி வெளியே விழும், நாரெல்லாம் தோகையிலேயே தங்கிவிடும். காஸ் அடுப்பின் தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டு, எலுமிச்சை மூடியில் உப்பையும் மிளகாய்த்தூளையும் தொட்டுத் தேய்த்தால் மெரினா வாசம் வீட்டுக்கே வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சுலபமாக வேகிற ஒரு தானியம் யார் கையிலிருந்து நமக்கு வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை 1779-ஆம் வருடத்தில், எரிந்துகொண்டிருந்த ஒரு சோளக்காட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதலில் அந்த இனிப்பைப் பற்றிக் கொஞ்சம். எந்த மக்காச்சோளமும் பால் பிடிக்கிற பருவத்தில் இனிப்பாகத்தான் இருக்கும். முற்ற முற்ற மணிக்குள் இருக்கும் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிவிடும். ஸ்வீட் கார்னில் ஒரு மரபணு மாற்றத்தால் இந்த வேலை பாதியில் தடைபடுகிறது, சர்க்கரை தேங்கி நிற்கிறது. ஆனால் கதிரைப் பறித்த நிமிடத்திலிருந்து அதுவும் குறைய ஆரம்பிக்கும். பழைய ரகமென்றால், நல்ல வெயிலில் கிடந்தால், ஒரே நாளில் பாதி இனிப்பு போய்விடும். அதனால்தான் அமெரிக்க விவசாயிகள், முதலில் உலையைக் கொதிக்க வை, அப்புறம் தோட்டத்துக்குப் போய்க் கதிரை ஒடி என்பார்கள்.

பால் பருவத்தின் அருமை அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இன்னொரு மக்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய நியூயார்க் மாநிலத்தின் ஆறுகளையும் ஏரிகளையும் ஒட்டி வாழ்ந்த இரோக்குவா மக்கள். தங்களை அவர்கள் ஹோடெனஷோனி என்று சொல்லிக்கொள்கிறார்கள். மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்று ஆறு நாடுகளின் கூட்டமைப்பு அது. வயல் முழுக்கப் பெண்கள் பொறுப்பு. சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக நடுவார்கள். மூன்று சகோதரிகள் என்று அவற்றுக்குப் பெயர். சோளத்தண்டில் பீன்ஸ் கொடி ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். கோடை முடிகிற சமயம் பச்சைக் கதிருக்கென்றே ஒரு நன்றித் திருவிழா உண்டு. நம் பொங்கல் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

செனெகா வம்சாவளியில் வந்த ஆர்தர் பார்க்கர் 1910-இல் இவர்களுடைய சோளச் சமையலைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். பச்சைக் கதிரை அப்படியே அவிப்பது, தீயில் சுடுவது, மணிகளைச் சுரண்டி இடித்துத் தோகையில் பொதிந்து வேகவைப்பது, பீன்ஸோடு சேர்த்துச் சமைப்பது. முற்றிய சோளமென்றால் மரச்சாம்பல் தண்ணீரில் கொதிக்கவைத்து, கூடையில் போட்டு அலசித் தோலை நீக்குவார்கள். என் சமையலறையில் நான் செய்கிற அவித்தலும் சுடுதலும் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன.

இனி 1779. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆறு நாடுகளில் பெரும்பகுதியினர் பிரிட்டிஷ் பக்கம் நின்று எல்லையோரக் குடியேற்றங்களைத் தாக்கினார்கள். இரண்டு தரப்பிலும் கொலைகள் நடந்தன. மே 31 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி ஜான் சல்லிவனுக்கு எழுதிய கடிதத்தில் உத்தரவு தெளிவாக இருந்தது: ஊர்களை அடியோடு அழிக்க வேண்டும், நிலத்தில் நிற்கிற பயிரை நாசமாக்க வேண்டும், மறுபடி நடவு செய்ய விடக் கூடாது.

ஆகஸ்ட் 29 அன்று, இன்றைய எல்மைரா நகருக்குப் பக்கத்தில் நியூடவுன் என்ற இடத்தில் ஒரே ஒரு பெரிய சண்டை. அதற்குப் பிறகு படைக்கு முன்னால் பெரும்பாலும் ஆளில்லாத ஊர்கள்தான். வயலில் சோளம் மட்டும் நின்றது. ஆகஸ்ட் கடைசி என்றால் கதிர் பால் பிடித்து நிற்கிற நேரம். ரேஷனைப் பாதியாக்கிக்கொள்ளச் சிப்பாய்கள் சம்மதித்ததற்கும் அந்த வயல்கள்தான் காரணம். சுட்டார்கள், அவித்தார்கள், வயிறு நிறையத் தின்றார்கள். அப்புறம் மிச்சத்தை வெட்டி எரித்தார்கள்.

நாள் போகப் போகக் கதிர் முற்றியது. அவிக்கவும் சுடவும் முடியாத அளவு கெட்டி, மாவாக அரைக்க முடியாத அளவு ஈரம். என்ன செய்வது? தகரப் பாத்திரங்களில் ஓட்டை போட்டுத் துருவியாக்கி, ராத்திரி உட்கார்ந்து சோளத்தைத் துருவியிருக்கிறார்கள். காலையில் துருவித் தின்றதை மாலையில் கொளுத்துகிற மனநிலை எப்படிப்பட்டது என்று எனக்குப் புரியவே இல்லை. அந்த வயல்களையும் பழத்தோட்டங்களையும் பார்த்து வியந்து டைரி எழுதிய அதிகாரிகளும் அவர்களில் உண்டு.

கடைசியில் சல்லிவன் தன் அறிக்கையில் கணக்குக் கொடுத்தார். 40 ஊர்கள், குறைந்தது 1,60,000 புஷல் சோளம். மணியாகக் கணக்கிட்டால் சுமார் 4,000 டன்.

அந்தப் படையில் பிளிமத் ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் பாக்னல் என்ற அதிகாரி இருந்தார். அவர் திரும்பும்போது அங்கே கிடைத்த இனிப்புச் சோள விதையைக் கொண்டுவந்தார் என்றும், அதன் பெயர் 'பப்பூன்' என்றும் சொல்கிறார்கள். குடியேறியவர்கள் கைக்கு ஸ்வீட் கார்ன் வந்ததைப் பற்றிய மிகப் பழைய பதிவாக விதை வரலாற்றில் இதைத்தான் காட்டுகிறார்கள். வயல் எரிந்தது, விதை பையில் போனது.

எரிந்த பக்கத்தில் என்ன நடந்தது? மேரி ஜெமிசன் என்ற பெண் அதைச் சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்காரக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பிடித்துச் செல்லப்பட்டு, இரண்டு செனெகா சகோதரிகளால் தங்கையாக ஏற்றுக்கொள்ளப்பட்டவள். கடைசிவரை அவர்களோடே வாழ்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிய வாழ்க்கைக் கதை 1824-இல் வெளிவந்தது. படை போன பிறகு ஊருக்குத் திரும்பினால், ஒரு குழந்தையின் ஒரு நாள் பசிக்குக்கூட எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு குழந்தைகளை முதுகில் சுமந்துகொண்டு, மற்ற மூன்று பேரை நடக்கவைத்து, ஜெனசீ ஆற்றங்கரையில் கார்டோ என்ற இடத்துக்குப் போனாள். அங்கே தப்பி வந்த இரண்டு கறுப்பின அடிமைகள் சோளம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தோகை உரித்துச் சரம் பின்னிக் கொடுத்தாள். பத்துச் சரத்துக்கு ஒரு சரம் கூலி. அவள் வேலை செய்யும்போது அவர்களில் ஒருவர் துப்பாக்கியோடு காவல் நிற்பாராம். அப்படி 25 புஷல், ஏறக்குறைய 600 கிலோ, சேர்த்திருக்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் பனி ஐந்தடி விழுந்தது. நயாகரா கோட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான அகதிகள் குடிசை போட்டுக் கிடந்தார்கள். பசியிலும் குளிரிலும் பலர் இறந்தார்கள். மேரியின் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

1790-இல் செனெகா தலைவர் ஒருவர் வாஷிங்டனை நேரில் சந்தித்து, உங்களுக்கு எங்கள் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'ஊர்களை அழிப்பவர்' என்றார். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் பெண்கள் வெளிறிப்போகிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்றார். அந்தத் தலைவரை ஆங்கிலத்தில் கார்ன்பிளான்டர் என்பார்கள். சோளம் நடுபவர்.

ஸ்வீட் கார்னின் பயணம் அதற்கப்புறம் வேகமெடுத்தது. 1902-இல் பர்பி விதைக் கம்பெனி 'கோல்டன் பான்டம்' என்ற மஞ்சள் ரகத்தை விற்றது. அதுவரை வெள்ளைச் சோளத்தையே விரும்பியவர்கள் மஞ்சளுக்கு மாறினார்கள். 1950-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன், இன்னும் அதிகச் சர்க்கரையைப் பல நாள் தக்கவைக்கிற வேறொரு மரபணுவைக் கண்டெடுத்தார். பறித்துச் சில நாள் கழித்தும் இனிக்கிற கதிர் நம் கடைக்கு வருவது அந்த வழியில்தான்.

செனெகா மக்களின் வெள்ளைச் சோளமும் அழிந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கனொண்டகன் என்ற பழைய செனெகா ஊர் இருந்த இடத்தில், அதைக் கையால் தோகை உரித்து, வேகவைத்து, மாவாக்கி இன்று விற்கிறார்கள். யாரோ சில பாட்டிகள் விதையை விடாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

நேற்று மறுபடி இரண்டு கதிர் வாங்கி வந்தேன். இந்தத் தடவை தண்ணீர் கொதித்த பிறகுதான் தோகையை உரித்தேன். சரியாக ஐந்து நிமிடம். அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ம், இப்போ சரி" என்றாள். 1779 கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்த அஞ்சு புள்ளைங்களும் பொழச்சுதுல்ல?"