கம்பெனி வெட்டிய கால்வாய்

சர்க்காரும் தனியார் கம்பெனியும் சேர்ந்து ஒரு சீமையை முன்னேற்றப் பார்ப்பது புதுசு இல்லீங்க. 1852-ல் கோதாவரியில் தவளேசுவரம் அணை முடிந்து நல்ல பலன் தந்தது. கட்டியவர் ஆர்தர் காட்டன். அந்தத் தைரியத்தில், 1858-ல் லண்டன் முதலாளிகளைக் கொண்டு சென்னைப் பாசனக் கம்பெனி உண்டாயிற்று. பத்து லட்சம் பவுன் முதலுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீத வட்டிக்குச் சர்க்கார் பொறுப்பேற்றது. நம்ம வெள்ளாமைக்கு அப்படி யார் பொறுப்பேற்றாங்க!

துங்கபத்திரையில் சுங்கேசுலாவில் அணை கட்டி, கர்னூல் சீமையிலிருந்து கடப்பை வரை கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் வந்தது, வாங்கத்தான் ஆள் குறைவு. அங்கே பெரும்பாலும் கரிசல் நிலம். கோவில்பட்டிக் கரிசலைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பெய்த மழையைக் குடித்துக்கொண்டு வெகுநாள் ஈரம் காக்கும். சோளமும் பருத்தியும் அந்த ஈரத்திலேயே விளையும்போது காசு கொடுத்துத் தண்ணீர் எதுக்கு? உள்ளூர்ச் சம்சாரி யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தண்ணீர் கேட்டார்கள். மழை திரும்பியதும் பழையபடி மானாவாரிதான். வட்டியோ வரிப்பணத்திலிருந்து போனது. 1882-ல் கால்வாயைச் சர்க்காரே விலைக்கு வாங்கியது. கே.சி. கால்வாய் என்ற பெயரில் அது இன்றும் ஆந்திர வயல்களுக்குப் பாய்கிறது.