எப்போதிருந்து வழக்கம்?



போடியில் நடக்கும் நினைவுச் சொற்பொழிவுக்கு வக்கீல் தொழிலைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன் என்றதும் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "கோர்ட்டுல நமக்கு என்ன கெடைச்சிருக்கு, அதைப் பத்திப் பேச?" கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் 1973இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்ததை அறிந்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் தீர்ப்புகளைப் புகழ வரவில்லை. கோர்ட்டுக்குள் ஒரு வக்கீல் உண்மையில் செய்கிற வேலை என்ன, அதில் நம் பங்கு என்ன என்பதைத்தான் பேசப்போகிறேன்.

பக்கத்துப் பொட்டிபுரத்திலிருந்தே தொடங்கலாம். அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் வைக்கப்போகிறார்கள் என்றபோது மலை, தண்ணீர், மேய்ச்சல், அணை என்று ஊரே பேசியது. ஆனால் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது சிறிய கேள்விகளுக்காக. அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இருந்ததா? கேரள எல்லைக்கும் மதிகெட்டான் சோலைப் பூங்காவுக்கும் இவ்வளவு அருகில் உள்ள திட்டத்தை எந்த வகையில் வைத்துப் பரிசீலித்திருக்க வேண்டும்? மறு ஆண்டே புதிய அனுமதி வந்துவிட்டது என்பதும், 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய மறுத்து, வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று மட்டும் சொன்னது என்பதும் உண்மை. ஆனாலும் இயற்பியல் பேசி நிறுத்த முடியாததை ஒரு காகிதத்தைக் கேட்டு ஓராண்டு நிறுத்தினார்கள். வக்கீல் தொழில் பெரும்பாலும் இதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கோர்ட்டில் நடப்பது வழக்கு. ஊரில் நடப்பது வழக்கம். ஆங்கிலேயர் காலத்தில் சாதி கோர்ட்டுக்குள் நுழைந்தது இந்த இரண்டாவது சொல்லின் தோளில் ஏறித்தான். 'மாமூல்' என்றால் இன்று போலீஸ்காரர் வாங்குவது நினைவுக்கு வரும். அன்று அது 'காலங்காலமாய் இப்படித்தான்' என்று சொல்லும் சட்ட வாதம்.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அன்றைய ஆவணங்கள் அவர்களைச் சாணார் என்றே எழுதின. ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1899இல் மதுரை சப் கோர்ட் அவர்கள் நுழையக் கூடாது என்றது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயும் 1908இல் தோல்விதான். நாடார்கள் பெரும் பணம் திரட்டி, பெரிய வக்கீல்களை வைத்துத்தான் போராடினார்கள். ஆனால் அவர்கள் வைத்த வாதங்களில் முக்கியமானது, 'நாங்கள் தாழ்ந்தவர்கள் அல்ல, சத்திரியர்கள்' என்பது. தங்கள் உயர்வைத் தாங்களே நிரூபிக்கும் சுமையை அந்த வாதம் அவர்கள் தலையிலேயே வைத்தது. தடுத்தவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கம் என்றால் போதும். என் கணிப்பில் தோல்வியின் பாதி அங்கேயே இருந்தது.

மகாத் வழக்கு நேர்மாறானது. அதை நம் மாணவர்கள் போராட்டமாக மட்டும் படிக்கிறார்கள். அது பத்து ஆண்டுகள் நடந்த சிவில் வழக்கும்கூட.

1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் கிணறு, குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1924இல் மகாத் நகராட்சியும் சவ்தார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. எல்லாம் காகிதத்தில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் மக்களும் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அடி விழுந்தது. குளம் பஞ்சகவ்யம் ஊற்றிச் 'சுத்தம்' செய்யப்பட்டது. டிசம்பரில் மறுபடி கூடப்போகிறார்கள் என்றதும் சாதி இந்துக்கள் கோர்ட்டுக்கு ஓடி இடைக்காலத் தடை வாங்கினார்கள். முதல் எதிர்வாதி பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

ஆயிரக்கணக்கானோர் குளத்துக்குப் போகத் தயாராக வந்திருந்தார்கள். அம்பேத்கர் தடையை மீற வேண்டாம் என்று பேசி அவர்களை இணங்கவைத்தார். இது இன்றும் விவாதிக்கப்படும் முடிவு. தலைவர் வக்கீலுக்குப் பணிந்துவிட்டார் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தடையை மீறியிருந்தால் குளம் யாருடையது என்ற கேள்வி மறைந்து, உத்தரவை மீறியவர்கள் யார் என்ற கேள்வியே நின்றிருக்கும். மேலும், தடை குளத்துக்குத்தான் இருந்தது, மனுஸ்மிருதிக்கு இல்லை. அதை டிசம்பர் 25 அன்று எரித்தார்கள்.

1928 பிப்ரவரியில் தடை நீங்கியது. ஆனால் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 'குளம் எங்கள் தனிச் சொத்து' என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். இல்லாவிட்டாலும் 'இவர்கள் இங்கே தண்ணீர் எடுக்காதது காலங்காலமான வழக்கம்' என்பது இரண்டாவது. கீழ்க் கோர்ட்டுகளில் தோற்று உயர் நீதிமன்றம் போனார்கள். 1937 மார்ச் 17 அன்று புரூம்ஃபீல்டு தீர்ப்புச் சொன்னார். 1922இல் காந்திக்கு ஆறு ஆண்டு கொடுத்தவர் அவர்தான். குளம் நகராட்சியுடையது. தீண்டப்படாதோர் அதில் தண்ணீர் எடுத்ததில்லை என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது. ஆனால் அந்தச் சாட்சியம், நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று காட்டப் போதாது. மேல்முறையீடு தள்ளுபடி.

கவனியுங்கள். 'நாங்களும் மனிதர்கள்' என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. நிரூபிக்கும் சுமை தடுத்தவர் தலையில் விழுந்தது. எப்போதிருந்து? யார் பார்த்தது? எந்தப் பத்திரம்? கமுதியில் சரியாக விழாத கேள்விகள் இங்கே விழுந்தன.

தீர்ப்பின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். தீண்டாமை தவறு என்று அது சொல்லவில்லை. கோயில் வேறு, குளம் வேறு என்று பிரித்து, கோயிலில் நீண்ட காலப் பழக்கம் மேல்சாதியினருக்குச் சாதகமான அனுமானத்தைத் தரலாம் என்று விட்டுவிட்டது. கமுதித் தீர்ப்பு அப்படியே நின்றது.

வழக்கம் என்ற வாதத்தை அரசியலமைப்பு முறித்தது. 13ஆம் பிரிவில் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் சட்டம்போல் நடக்கும் வழக்கமும் சேர்க்கப்பட்டது. அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கம் செல்லாது. 15ஆம் பிரிவைத் திறந்தால் கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாக வரும். மகாத்தின் பத்தாண்டு வாய்தாக்கள் எனக்கு அந்த வரிசையில் தெரிகின்றன. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னொரு படி போனது. பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக அச்சட்டப்படி குற்றமான செயல் நடந்திருந்தால், அது தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று கோர்ட் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டுவது எதிரியின் பாடு.

வன்கொடுமைச் சட்டத்தில் அந்தச் சுமை மறுபடி நம்மிடம் வந்தது. 1997 ஜூன் 30, மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் ஐந்து பேரும் வெட்டப்பட்டார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, ஆனால் கொலைக்காக. வன்கொடுமைச் சட்டப் பிரிவில் தண்டனை இல்லை. தனித் தொகுதியில் ஜெயித்தவரை அதற்காகவே வெட்டிய வழக்கில்கூட! அன்றைய சட்ட வாசகம், பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தால்' குற்றம் நடந்தது என்று காட்டச் சொன்னது. அந்தச் சொல்லில் வழக்குகள் வரிசையாகச் சறுக்கின. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை, பட்டியல் சாதியினர் 'என்று தெரிந்தே' என்று மாற்றியது.

இப்போது நம்மிடம் வருகிறேன். விடியலில் ஜீப் ஏறி போடிமெட்டு வழியே ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணை அங்கே ஒருவன் சாதி சொல்லித் திட்டினால், "அது கேரளா, அங்கே போய்க் கொடு" என்று இங்குள்ள ஸ்டேஷனில் சொல்வார்கள். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் திருப்பக் கூடாது என்பது இன்று சட்டம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைக் காட்டுங்கள். புகார் எழுதும்போது 'சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். என்ன சொல், எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஏனென்றால் அனுமானம் நம் பக்கம் இருந்தாலும், செயல் நடந்தது என்பதை நாம்தான் காட்டியாக வேண்டும். டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருப்பவர் சாட்சிக் கூண்டில் ஏறி "எங்க ஊரு வழக்கமுங்க" என்று சொன்னால், எப்போதிருந்து என்று கேட்கக்கூடத் தேவையில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தப் பதிலை அப்படியே பதிவு செய்யும்படி நீதிபதியிடம் கேளுங்கள்.