கிச்சடி: இந்திய வீடுகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? பருப்பு குறைந்தால் என்ன ஆகும்?

டெல்லியிலோ லக்னோவிலோ கொல்கத்தாவிலோ, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று ராத்திரி அடுப்பில் ஏறுவது பெரும்பாலும் கிச்சடிதான். ஊருக்குப் போய்விட்டு அலுத்துக் களைத்துத் திரும்பும் நாளிலும் அதேதான். அரிசி, பருப்பு, மஞ்சள், உப்பு, தண்ணீர். குக்கர் நாலு விசில் விட்டால் வேலை முடிந்தது. மேலே ஒரு கரண்டி நெய்.

தமிழ்நாட்டில் கிச்சடி என்றால் ரவா கிச்சடியும் சேமியா கிச்சடியும்தான் நினைவுக்கு வரும். கேரளாவில் கேட்டால் தயிரில் வெள்ளரிக்காய் போட்ட தொடுகறியைக் காட்டுவார்கள். இங்கே நாம் பார்க்கப்போவது அவற்றை இல்லை. வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் கைக்குழந்தை முதல் பாட்டி வரை ஒரே பானையில் சாப்பிடுகிற அரிசி பருப்புக் கிச்சடியைத்தான். நம்ம வெண்பொங்கலுக்கு அது அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண சாப்பாடுதானே, இதில் விளக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இந்தச் சாப்பாட்டின் முழு பலமும் அதில் விழும் பருப்பில் இருக்கிறது. வீட்டில் காசு குறையும்போது முதலில் குறைவதும் அந்தப் பருப்புதான்.

எவ்வளவு பழசு?

14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, இங்குள்ளவர்கள் பாசிப்பருப்பையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்து, நெய் ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிடுவதை எழுதி வைத்திருக்கிறார். அவர் அதற்குச் சொல்லும் பெயர் 'கிஷ்ரி'. அக்பரின் அரசவையில் இருந்த அபுல் ஃபசல், அய்ன்-இ-அக்பரி நூலில் அளவே கொடுக்கிறார்: அரிசி 5 சேர், உடைத்த பருப்பு 5 சேர், நெய்யும் 5 சேர். அரிசிக்குச் சமமாக நெய்! அரண்மனைக் கிச்சடிக்கும் வீட்டுக் கிச்சடிக்கும் உள்ள தூரம் அதில் தெரிந்துவிடும். ஜஹாங்கீருக்கு குஜராத்தில் சாப்பிட்ட கம்புக் கிச்சடி பிடித்துப்போனது. இறைச்சி சாப்பிடாத நாட்களில் அதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்.

ஆங்கிலேயர்கள் இதை 'கெட்ஜெரி' ஆக்கினார்கள். அரிசி இருந்தது, புகையில் வாட்டிய மீன் வந்தது, அவித்த முட்டை வந்தது, பருப்பு காணாமல் போனது. பெயர் மட்டும்தான் மிச்சம்.

ஊருக்கு ஊர் என்ன மாறுகிறது?

குஜராத்தில் கிச்சடி என்றால் பக்கத்தில் கடி இருந்தே ஆக வேண்டும். தயிரில் கடலை மாவு கரைத்துக் கொதிக்கவைப்பது அது, நம்ம மோர்க்குழம்புக்குச் சொந்தம். ராஜஸ்தானில் குளிர்காலம் வந்தால் அரிசி விலகிக் கம்பு வரும்.

வங்காளத்தில் மழை பெய்தால் கிச்சுரி. பாசிப்பருப்பை வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து, கோவிந்தபோக் என்ற சிறுமணி வாசனை அரிசியோடு வேகவைப்பார்கள். மழைநாளில் பொரித்த இலிஷ் மீன் துணைக்கு வரும். துர்கா பூஜைப் பந்தலில் அதே கிச்சுரி வெங்காயம் பூண்டு இல்லாமல் பிரசாதமாகிவிடும். பல காய்கள் போட்ட லாப்ரா கூட்டு அதற்குத் துணை. புரி ஜெகந்நாதர் கோயில் நைவேத்தியத்திலும் கிச்சடிக்கு இடம் உண்டு.

ஹைதராபாத்தில் கதை வேறு. அங்கே மைசூர் பருப்பு போட்டு உதிரியாக வடித்த கிச்சடியை, கீமாவும் புளிப்பான 'கட்டா'வும் வைத்துக் காலையிலேயே சாப்பிடுவார்கள். கர்நாடகத்தின் பிசிபேளாபாத், கொங்கு நாட்டு அரிசி பருப்பு சாதம், நம்ம வெண்பொங்கல் எல்லாம் அரிசியையும் பருப்பையும் ஒரே பானையில் போடும் இதே யோசனையின் கிளைகள்தான்.

ஒற்றுமை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நாம் தை மாதப் பிறப்பைப் பொங்கல் என்று அழைப்பதுபோல, உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பலர் அதே மகர சங்கராந்தியைக் 'கிச்சடி' என்றே அழைக்கிறார்கள். இரண்டு பக்கமும் பண்டிகைக்குச் சாப்பாட்டின் பெயரே வந்துவிட்டது. அங்கே அன்றைக்குக் கறுப்பு உளுந்து போட்ட கிச்சடி விசேஷம். கோரக்பூரின் கோரக்நாத் கோயிலில் பக்தர்கள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து காணிக்கையாகச் செலுத்துவார்கள்.

அங்கே ஒரு வழக்கு உண்டு: கிச்சடிக்கு நாலு கூட்டாளிகள் - தயிர், அப்பளம், நெய், ஊறுகாய். பீகார்க்காரர்கள் ஐந்தாவதாக உருளைக்கிழங்கு 'சோக்கா'வைச் சேர்ப்பார்கள்.

மகாராஷ்டிராவின் ஜவ்வரிசிக் கிச்சடி மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. விரத நாளில் தானியமும் பருப்பும் கூடாது என்பதற்காகப் பிறந்தது அது.

'தேசிய உணவு' ஆனதா?

ஆகவில்லை. 2017 நவம்பரில் டெல்லியில் நடந்த உலக உணவு மாநாட்டில் 918 கிலோ கிச்சடி சமைத்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதற்கு முன்பே 'கிச்சடி தேசிய உணவாகப் போகிறது' என்று சமூக வலைதளங்களில் பெரிய சண்டை. பிரியாணிக்காரர்கள் ஒரு பக்கம், இட்லிக்காரர்கள் ஒரு பக்கம். அப்போதைய உணவு பதப்படுத்தல் துறை அமைச்சர் ஹர்சிம்ரத் கவுர் பாதல், சாதனைக்காக மட்டும்தான் கிச்சடி தேர்வானது என்று விளக்கம் சொன்னார். 2020 சங்கராந்தியன்று இமாச்சலின் தத்தாபானியில் 1,995 கிலோ சமைத்து அந்தச் சாதனையையும் முறியடித்தார்கள்.

சத்து எங்கிருந்து வருகிறது?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அவற்றில் சிலவற்றை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். ஆனால் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. இறைச்சி, முட்டை சாப்பிடாத வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒருவருக்கு ஒரு நாள் அளவு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு. அந்தச் சாப்பாட்டில் 12 கிராம் புரதம் இருக்க வேண்டும் என்பது விதி. 100 கிராம் பச்சை அரிசியில் சுமார் 7 கிராம் புரதம். 20 கிராம் பாசிப்பருப்பில் கிட்டத்தட்ட 5 கிராம். அதாவது எடையில் ஆறில் ஒரு பங்கே இருக்கும் பருப்பு, புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறது. பருப்பைப் பாதியாக்கினால் தட்டு அதே அளவுதான் தெரியும், வயிறும் நிறைந்துவிடும். உள்ளே இருக்கும் புரதம் மட்டும் இறங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, மஞ்சள் தூள் அந்த அளவுக்கு நிறம் காட்டிவிடும்.

அரிசி இலவசம், பருப்பு?

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் அது இலவசம். ஆனால் அந்தச் சட்டத்தில் பருப்பு இல்லை. அரிசி, கோதுமை, சிறுதானியம், அவ்வளவுதான். தமிழ்நாடு 2007 முதல் ரேஷன் கடையில் துவரம் பருப்பைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. இமாச்சலும் மானிய விலையில் பருப்பு தருகிறது. மற்ற பல மாநிலங்களில் ஏழைக் குடும்பம் பருப்பைக் கடை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அந்த விலையோ நிலையாக இருப்பதில்லை. உலகத்திலேயே அதிகம் பருப்பு விளைவிப்பதும் இந்தியா, அதிகம் சாப்பிடுவதும் இந்தியா, இறக்குமதியில் முதலிடமும் இந்தியாதான். துவரை மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வருகிறது. மைசூர் பருப்பு கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. இங்கே மழை பொய்த்தால் விலை ஏறும், அங்கே விளைச்சல் படுத்தாலும் ஏறும். அந்த மாதம் கிச்சடி தண்ணியாகும். கிச்சடியை ஏழைகளின் சாப்பாடு என்று பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

குழந்தைக்குப் 'பருப்புத் தண்ணி' போதுமா?

போதாது. நாடு முழுக்க வீடுகளில் நடக்கும் தவறு இது. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு ஆரம்பிக்க வேண்டும். அப்போது, 'பிள்ளைக்குச் செரிக்காது' என்று மேலாக நிற்கும் தெளிந்த தண்ணியை மட்டும் வடித்துக் கொடுப்பார்கள். குழந்தையின் வயிறு சின்னது. அந்தத் தண்ணியில் அது நிறைந்துவிடும், சத்து சேராது.

கிச்சடியைக் குழைய வேகவைத்து, மசித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடாத பதத்தில் கொடுக்க வேண்டும். அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் அதே அளவுச் சாப்பாட்டில் கூடுதல் சக்தி கிடைக்கும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். அதனால் வீட்டுப் பானையிலிருந்து குழந்தையின் பங்கை முதலில் எடுத்துவிட்டு, பிறகு உப்பு போட்டுத் தாளிப்பது நல்லது. எட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல் மிக்ஸியில் அரைக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னக் கட்டியாக இருந்தால்தான் மெல்லப் பழகும்.

உடம்பு சரியில்லாதவர்களுக்கு?

கிச்சடி மருந்து இல்லை, எளிதில் செரிக்கும் சாப்பாடு. வயிற்றுப்போக்கு வந்தால் பட்டினி போடக் கூடாது, சாப்பாடு தொடர வேண்டும். அதற்குக் கிச்சடி பொருத்தம். ஆனால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட ஓ.ஆர்.எஸ். கரைசல் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனம். குழைந்த வெள்ளை அரிசி ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அரிசியைக் குறைத்து, பருப்பையும் காயையும் கூட்டுங்கள். சாமை, தினை, கம்பிலும் செய்யலாம், அளவு முக்கியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு எவ்வளவு எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதே சரி.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது?

நாலு பேருக்கு: அரிசி ஒரு கப், பாசிப்பருப்பு முக்கால் கப். பாதிக்குப் பாதி போடும் வீடுகளும் உண்டு. பருப்பை லேசாக வறுத்துக்கொண்டால் மணமாக இருக்கும். இரண்டையும் கழுவி, மஞ்சள்தூள், ஒரு துண்டு நசுக்கிய இஞ்சி, ஏழு கப் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் நாலு விசில். பாசிப்பருப்பை ஊறவைக்க வேண்டாம். முழு உளுந்து என்றால் முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். கேரட், பூசணி, பட்டாணி, கீரை, கையில் இருப்பதைப் போடுங்கள். கடைசியில் நெய்யில் சீரகமும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டி, உப்பு சேர்த்துக் கிளறினால் ஆயிற்று. ஆற ஆற இறுகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். இறுகிவிட்டால் வெந்நீர் ஊற்றித் தளர்த்துங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ருசி கெடும்.

தட்டில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டும் இல்லை. அதிலுள்ள வைட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த லாபம் போய்விடும், ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

மிச்சமானால்?

வேகவைத்த அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். பானையை அடுப்பு மேடையிலேயே விட்டால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சில் ஒரு வகை, திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. 'நல்லாக் கொதிக்க வச்சுட்டா சரியாப் போயிடும்' என்பது இங்கே செல்லாது. தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோறு வேறு கதை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

மிஞ்சிய கிச்சடியை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் வெந்நீர் விட்டு, ஆவி பறக்கச் சுடவைத்து, ஒரே வேளையில் முடித்துவிடலாம். குஜராத் வீடுகளில் அதையே கடுகு, பூண்டு, மிளகாய்த்தூள் தாளித்து 'வகாரேலி கிச்சடி' ஆக்கிவிடுவார்கள். முதல் நாள் கிச்சடியை விட அதற்குத்தான் அங்கே போட்டி அதிகம்.