செட்டித் தெருவுக்குக் கேதம் கேட்க

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரார் கேதம் கேட்கப் போவார்கள். பிந்திப் போனாலும் பரவாயில்லை. போகாமல் விட்டால்தான் பேச்சு வரும். நான் நாற்பது ஆண்டுக்கு மேல் பிந்திப் போகிறேன், சிங்கப்பூர் செட்டித் தெருவுக்கு. போய்ப் பார்த்தால் உட்காரத் திண்ணை இல்லை. 51 மாடியில், 280 மீட்டர் உயரத்தில், இடையிடையே மரம் செடி கொடி வளர்த்த ஒரு கோபுரம் நிற்கிறது. கீழே காவலாளி இருக்கிறார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். என்ன சொல்வது?

செட்டித் தெரு என்பது அரசாங்கம் வைத்த பெயரல்ல. பலகையில் அன்றும் இன்றும் மார்க்கெட் ஸ்திரீட்தான். தமிழர் வாயில்தான் அது செட்டித் தெரு. (பக்கத்திலுள்ள சூலியா ஸ்திரீட்டுக்கு 1920களில் பெயர் மாற்றும்வரை வேறு பெயர் இருந்தது. அது நம்மை ஏசப் பயன்பட்ட சொல் என்பதால் இங்கே எழுதவில்லை.) தெரு இப்போதும் இருக்கிறது. மாண்டுபோனது அதிலிருந்த கிட்டங்கி.

கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் கூடம். மலாய்க்காரர் குடாங் என்பார், வெள்ளைக்காரர் கோடவுன் என்பார். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், அங்கே அடுக்கி வைத்திருந்த சரக்கு பணம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கடைவீடுகளையும் போல ஒரு கடைவீடு: முன்னால் ஐந்தடிப் பாதை, ஒடுங்கிய முகப்பு, உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீளம். நடுவில் நடக்க வழி விட்டு, இரண்டு பக்கமும் சற்றே உயர்த்திய பலகைத் தளம். அந்தத் தளத்தில் ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் சில அடி இடம். அதில் சரிந்த மூடியுள்ள ஒரு மேசைப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி, இரும்புப் பெட்டி, சுவரில் முருகன் படம். முதலீடு எவ்வளவு இருந்தாலும் கடைக்கு இடம் அவ்வளவுதான். நாற்காலி கிடையாது. சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கடன் கேட்டு வந்தவரும் அந்தத் தளத்தின் விளிம்பில்தான் உட்கார வேண்டும். சீனக் கடைக்காரர், ரப்பர்த் தோட்டக்காரர், மலாய் நிலக்காரர், சம்பள நாளுக்கு முன்பே கை வறண்ட அரசாங்கக் குமாஸ்தா என்று வந்தவர்கள் பலவகை.

ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே சுவர் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான். இன்றைக்கு வங்கியில் ஆயிரம் வெள்ளிக் கடனுக்கு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அங்கே போட்டிக்காரர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். யார் வந்தார், முகம் எப்படி இருந்தது, எத்தனை நேரம் பேசினார் எல்லாம் பக்கத்துப் பெட்டியடிக்குத் தெரியும். ஒரு கடையில் ஏமாற்றியவர் அடுத்த கடையில் கால் வைக்க முடியாது. ஒரு கடைக்குப் பணம் போதாவிட்டால் அடுத்த கடை நடப்பு வட்டிக்குக் கைமாற்றுக் கொடுக்கும். சுவர் இல்லாததுதான் அந்தத் தொழிலின் காவல்.

பெட்டி இருக்கும் இடம் பெட்டியடி. அங்கே எடுபிடியாகத் தொடங்கும் சிறுவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள். அதற்கும் மேலே, ஊரிலிருக்கும் முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டு. மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறுவார்கள். அந்த வழியில் நெடுங்காலம் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் என் தலைமுறையின் பாட்டிமாருக்கெல்லாம் தெரியும். வந்து இறங்கினால் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை. வட்டிக்கணக்கை மாகாணி, காணி, முந்திரி என்று வாயிலேயே போடுவார்கள். முந்திரி என்றால் ஒன்றை 320ஆகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. கடைகளை ஆள் பெயரால் சொல்வதில்லை. விலாசத்தின் எழுத்தால் சொல்வார்கள், ஆனா மூனா, சூனா பானா என்று. இன்றைய பிள்ளைகளுக்குச் சூனா பானா என்றால் வடிவேலு.

பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரியும். காலையில் பாய் சுருண்டால் கடை திறந்தது என்று பொருள். பின்கட்டில் பொதுச் சமையல். வீட்டுப் பெண்கள் ஊரில். போருக்குப் பிறகுதான் குடும்பங்கள் வந்து குடியேறத் தொடங்கின. அதுவரை அந்தக் கூடத்தில் ஒரு குழந்தை அழுதிருக்காது.

இனிப் படங்களுக்கு வருகிறேன். கேதம் கேட்கப் போன வீட்டில் மாலை போட்ட படம் ஒன்றாவது இருக்கும். கிட்டங்கிக்கு அது கிடைக்கவில்லை.

1867இல் சிங்கப்பூரில் கடை திறந்த ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனத்தார் இந்த ஊரின் முகங்களையெல்லாம் வகை வகையாக எடுத்து விற்றார்கள். அதில் செட்டியாரும் ஒரு வகை. மழித்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, காதில் கடுக்கன், இடுப்பில் மடிப்புக் கலையாத வேட்டி. அஞ்சலட்டைகளிலும் அதே கோலம்தான். அடியில் 'வட்டிக்காரச் செட்டி' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள்; பெயர் இருக்காது. ஊருக்கெல்லாம் பெயர் எழுதிப் பற்று வைத்த மனிதருக்கு அவர் படத்தில் பெயர் இல்லை. பின்னால் தெரிவது வரைந்த திரைச்சீலையாக இருக்கும், கிட்டங்கியாக இருக்காது.

1957இல் மார்ஜரி டாகெட் 'கேரக்டர்ஸ் ஆஃப் லைட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். சிங்கப்பூரின் பழைய கட்டடங்களுக்காகவே ஒருவர் கேமராவோடு அலைந்து செய்த புத்தகம். அவர் எடுத்ததால்தான் பல கட்டடங்களின் முகம் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. பின்னால் கட்டடக் கலைஞர் லீ கிப் லின் இடிபடப் போகிற தெருக்களைத் தேடித் தேடி எடுத்தார்; அவர் திரட்டிய பல்லாயிரம் படங்களும் அரும்பொருள்களும் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. (பொத்திக் காக்கும் அந்த நூலகத்தின் ஸ்டாம்ஃபர்ட் சாலைச் செங்கல் வீடு 2004இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அதற்கும் இப்போது படம்தான்.) இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கட்டடத்தைப் படமெடுப்பவர் அண்ணாந்து பார்க்கிறார்: சன்னல், தூண், வளைவு, கூரைச் சுண்ணாம்பு வேலை. கிட்டங்கியின் பெருமையோ தரையில் கிடந்தது. தரைக்குக் குனிந்தவர்கள் குறைவு.

ஆகவே தேடுகிறவர் குறுக்கு வழியில்தான் போக வேண்டியிருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட் என்று குறிப்பு எழுதிய படத்தில் வண்டி, மனிதர், வங்கிக் கட்டடம் எல்லாம் முன்னால் நிற்கும். ஓரமாகத் திறந்திருக்கும் ஒரு கதவின் இருட்டை உற்றுப் பார்க்க வேண்டும். படத்தின் தேதிக்கு வேறு தடயம். தெருவுக்கு மேலே இரட்டை மின்கம்பி ஓடினால் அது டிராலிபஸ் காலம், 1962க்குப் பிந்தியதல்ல. பெயர்ப்பலகையில் தொலைபேசி எண் எத்தனை இலக்கம் என்று எண்ணலாம். எனக்குப் பிடித்த தடயம் வேறொன்று. தைப்பூசத்துக்கு முந்தின நாள் செட்டிப் பூசம். தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கியோங் சேக் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்பும். தொழில் நடந்த செட்டித் தெருவுக்கும் முருகன் வருவார். ரதத்தைப் படமெடுத்தவர்களின் கண் வெள்ளியில்தான் இருந்திருக்கும். ஆனால் லென்ஸுக்குப் பாரபட்சம் கிடையாது. ரதத்துக்குப் பின்னால் ஐந்தடிப் பாதை விழுந்துவிடும், தட்டோடு நிற்கும் ஆட்கள் விழுந்துவிடுவார்கள், நிலைப்படி விழுந்துவிடும். சாமி படத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு கிட்டங்கி தப்பிப் பிழைத்திருக்கிறது.

இதே காலத்தில் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், முற்றத்துக்குப் பின் முற்றம். சினிமாக்காரர் எடுக்கிறார், சுற்றுலாக்காரர் எடுக்கிறார். பணம் போய்ப் படுத்த இடத்துக்கு ஆயிரம் படம். அது சம்பாதிக்கப்பட்ட சில அடித் தளத்துக்குப் படம் தேட வேண்டியிருக்கிறது.

சாவுக்குக் காரணம் ஒன்றல்ல. 1942இல் ஜப்பானியர் வந்ததும் ஊருக்கும் கடைக்கும் தொடர்பு அறுந்தது. வாழைமரம் அச்சடித்த நோட்டு புழங்கிய அந்த மூன்றரை ஆண்டில் கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் குழம்பிப் போய், அதைத் தீர்க்கவே 1948இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அதைவிடக் கடுமையான அடி என்பது என் எண்ணம். கிட்டங்கி ஆள் மாறிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். மூன்றாண்டுக்கு ஒரு முறை புது இரத்தம் வர வேண்டும். நினைத்தபோது வந்து போக முடியாதென்றால் பெட்டியடிப் பையன் எங்கிருந்து வருவான்? இன்னொரு பக்கம் வங்கிகள் வந்தன. அதிலும் ஒரு வேடிக்கை: 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தது இவர்கள் வீட்டுப் பிள்ளைதான்.

கடைசி மூச்சை நிறுத்தியது நிலத்தின் விலை. நகர மையத்தில் வரைபடத்தில் செருப்பு மாதிரி தெரிகிற பகுதிக்குக் கோல்டன் ஷூ என்று பெயர் வைத்து, 1969இல் ஒரு தனிச் சட்டத்தால் அங்கே வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். பழைய வாடகையில் உயிர் பிடித்திருந்த கடைவீடுகளுக்கு இனி நாள் எண்ண வேண்டியதுதான். 1970களில் கிட்டங்கிகள் கையகப்படுத்தப்பட்டு இடிபட்டன. அந்தப் பக்கத்தில் 1984இல் கோல்டன் ஷூ கார்நிறுத்தம் எழுந்தது. மனிதர் தூங்கிய இடத்தில் கார்கள் தூங்கின. 2017இல் அதையும் மூடி இடித்தார்கள். அப்போது அந்தக் கார்நிறுத்தத்துக்காக ஊரில் பலர் உருகினார்கள், பிரியாவிடைப் படம் எடுத்தார்கள். அங்கிருந்த உணவங்காடிக்குப் புதுக் கோபுரத்திலும் இடம் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கார்நிறுத்தத்துக்குக் கூடும் கூட்டம் கிட்டங்கிக்குக் கூடியிருக்குமா? வட்டிக்கடைக்காரருக்காக யார் அழுவார்? தவணை தவறி நிலத்தை இழந்த குடும்பங்கள் உண்டு; அவர்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அதுவும் கணக்கில் சேர வேண்டியதே.

தேக்காவின் கதை வேறு. 1915இல் கட்டிய பழைய தேக்காச் சந்தை 1982இல் போயிற்று. கோவிந்தசாமிப் பிள்ளையின் பி.ஜி.பி. கடைகள் 1990களின் கடைசியில் மூடின. ஆனாலும் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் நின்றால், பெரும்பாலும் அதே கூரை வரிசை, அதே ஐந்தடி, கண்ணுக்கு எட்டுகிறது. 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்துவிட்டார்கள். அங்கே இறந்தவர்களுக்கு வீடாவது மிச்சம். 'இங்கதான் தாத்தா கடை' என்று ஒரு தூணைத் தொட்டுக் காட்டலாம். செட்டித் தெருவுக்குச் சாவு பத்தாண்டு முந்திவிட்டது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கியதும் 1979இல்தான். ஒலிநாடாவோடு ஆள் வந்தபோது, பேச நகரத்தார் இருந்தார்கள். கைகாட்ட இடம் இல்லை.

உறவினர் என்று பார்த்தால், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் செட்டியார் கடைவீடுகள் இன்னும் நிற்கின்றன. பினாங்கிலும் அந்த வாடை முழுதாகப் போய்விடவில்லை. இங்கே மூத்த வாரிசு 1859இல் எழுந்த தேங்க் ரோடு கோயில். கட்டடம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, கணக்கு நின்றதில்லை.

செட்டிப் பூசத்தன்று மாலை நான் மார்க்கெட் ஸ்திரீட்டில் நின்றிருந்தேன். அலுவலகம் விடுகிற நேரம். நாதசுரம் கேட்டதும் கழுத்தில் அட்டை மாட்டிய பெண்கள், பையன்கள் ஓரம் ஒதுங்கிக் கைப்பேசியை உயர்த்தினார்கள். ரதம் வந்தது, கண்ணாடிச் சுவரில் இன்னொரு ரதமும் கூடவே வந்தது. என் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் அர்ச்சனைத் தட்டை ஏந்தி நின்றார். "அண்ணே, எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் காலடியைப் பார்த்தார். பிறகு நாலு எட்டுப் பின்னால் நகர்ந்து, தார்ச்சாலையில் ஓரிடத்தில் நின்று, "இங்க நின்னுதான் எங்கப்பச்சி தட்டு நீட்டுவாக" என்றார். எதிரே நின்ற சீனப் பையன் ரதத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் அவரும் விழுந்திருப்பார்.