ஓடமும் வண்டியும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தில் சிறுபடகின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் பெருங்கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆழமான நீர், பருவக்காற்றுக்கு அஞ்சாத ஒதுக்கிடம், அவற்றைக் கைப்பற்ற ஐரோப்பிய வல்லரசுகள் நடத்திய போட்டி ஆகியனவே அவ்வரலாற்றின் பேசுபொருள். இந்நோக்கு பிழையன்று, ஆயின் முழுமையானதுமன்று. துறைமுகத்தின் தெற்கே விரியும் கொட்டியாரக்குடாவில் மகாவலி கங்கை கடலைச் சேர்கின்றது. அதன் கிளையான வெருகல் ஆறு இன்னும் தெற்கே கடலை அடைகின்றது. களப்பு, சதுப்பு, கண்டற்காடு, வயல் என நிலமும் நீரும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் இப்பிரதேசத்தில் பெருங்கப்பலால் ஆகக்கூடியது சிறிதே. இங்கு வாழ்வும் ஆட்சியும் சிறுபடகையே சார்ந்திருந்தன.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பர். பிற இடங்களில் வாழ்வின் ஏற்றத்தாழ்வைக் குறிக்கும் இப்பழமொழி, கொட்டியாரக் கரையில் அன்றாட நடைமுறையாகும். வண்டியில் ஏறிய ஓடம் யாருக்குப் பயன்பட்டது, ஓடத்தில் ஏறிய வண்டி யாருடையது என்னும் வினாக்களை முன்வைத்து இப்பிரதேச வரலாற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

1660ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல், புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக்குடாவில் தங்கியது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பலைத் தாக்கவில்லை. கப்பலை விட்டுக் கரைக்கு வந்தோரையே பிடித்தனர். கப்பலின் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் அவ்வாறே சிறைப்பட்டனர். நொக்ஸ் தப்பிச் செல்ல 1679ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான அந்தச் சிறு தொலைவில் பீரங்கியின் வலிமை செல்லுபடியாகவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயரும் இதே இடர்ப்பாட்டைக் கண்டனர். அவர்களது 'டயோமீட்' என்னும் போர்க்கப்பல் பாறையில் மோதி மூழ்கிற்று. கடுங்காற்றினாலும் அலையினாலும் தளவாடங்களைப் படகுகளிலிருந்து இறக்கப் பல நாள்கள் சென்றன. இறக்கியவற்றை மணல்வெளியூடாகக் கொண்டுசென்றது மனித உழைப்பே. ஆகஸ்ட் 26இல் கோட்டை சரணடைந்தது. படகு நின்ற இடத்திலிருந்து நிலப்போக்குவரத்து தொடங்கும் அந்த எல்லையே படைகளின் வேகத்தைத் தீர்மானித்தது.

இரண்டாம் உலகப்போர் இவ்வெல்லையை அழிக்க முற்பட்டது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நிகழ்ச்சி பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதன் பின்னர் இங்கிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிகள், பகைவர் வசமிருந்த கரைகளுக்குச் சிறு துடுப்புப் படகுகளையும் அவற்றைச் செலுத்தும் வீரரையும் இரகசியமாகக் கொண்டுசென்றன என்பது அத்துணை பேசப்படவில்லை. 1944இல் இத்தகைய அணிகளை ஒருங்கிணைத்த சிறுநடவடிக்கைப் பிரிவு, யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையை அண்டிய முகாமில் நிலைகொண்டது. அதன் வீரர் சிலர் 1945 பெப்ரவரியில் பர்மாவின் ஐராவதி நதியைக் கடக்கும் போரிலும் பங்குபற்றினர். அங்கு படகுகள் கடல்வழியாக வரவில்லை. புழுதி நிறைந்த காட்டுப்பாதைகளில் பாரவூர்திகளில் ஏறி வந்தன. படகு இவ்வாறு படைவண்டியின் சுமையாயிற்று.

இம்மாற்றத்தை எளிதாக்கியவை இரண்டு: கழற்றித் தூக்கக்கூடிய வெளியிணைப்பு இயந்திரமும், மரத்தினும் பாரங்குறைந்த கண்ணாடியிழைப் படகும். இவை ஈழத்துக் கரைகளில் பரவியது மீன்பிடித்தொழிலின் விருத்திக்காகவே. பாரமான மரவள்ளத்தை உருளைகளின் மேல் பலர் கூடி இழுத்த இடத்தில், புதிய படகைச் சிலரே கரையேற்றினர். உழவு இயந்திரத்தின் பெட்டியிலும் ஏற்றினர்.

உள்நாட்டுப் போரில் இதே படகு போர்க்கருவியாயிற்று. 1984இல் தோற்றம்பெற்ற கடற்புலிகள், தம் படகுகளை இழுவைவண்டிகளில் ஏற்றிக் காட்டுமறைவில் வைத்து, வேண்டிய கரையில் நீரில் இறக்கினர். துறைமுகம் இல்லாத கடற்படைக்கு நிலமே துறைமுகமாயிற்று. திருகோணமலையைத் தலைமைத் தளமாகக் கொண்டிருந்த இலங்கைக் கடற்படை, பெருங்கலங்களால் இதனை எதிர்கொள்ள இயலாமையை உணர்ந்து, 2006 முதல் ஏறத்தாழ 23 அடி நீளமான கண்ணாடியிழைப் படகுகளைத் தானே கட்டிச் சிறுபடகு அணிகளைப் பெருக்கிற்று. இரு தரப்பினரும் மீனவனின் கலத்திலிருந்தே பாடம் கற்றனர் எனலாம்.

அப்பாடத்திற்கான விலையை மீனவனே செலுத்தினான். படகு ஆயுதமானதும் படகு வைத்திருந்தவர் அனைவரும் ஐயத்துக்குரியவராயினர். வடகிழக்குக் கரையெங்கும் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கு வரம்பு, பாஸ் நடைமுறை, இரவுத் தொழிலுக்குத் தடை, நெருங்கலாகாக் கடல் என விதிகள் பெருகின. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் மூதூர் கிழக்கு உயர்பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டிலும் அதன் பின்னருமே சம்பூரில் பல குடும்பங்களால் காணிக்குத் திரும்ப முடிந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தாரும் வலைவீசும் இக்கடலில், போரின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை எனினும், தொழிலாளியின் கரை குறுகிற்று என்பதில் ஐயமில்லை.

இனி ஓடத்தில் ஏறிய வண்டியைக் கருதுவோம். வாகனங்களையும் மக்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையைக் கிழக்கு மாகாணத்தார் 'பாதை' என்றே வழங்குவர். நீரின் மேலும் வழி தொடர்கிறது என்னும் மக்களது எண்ணம் இச்சொல்லில் பொதிந்துள்ளது. திருகோணமலையிலிருந்து மூதூர் செல்வோர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய நான்கு துறைகளிலும் பாதைக்காகக் காத்துநின்ற காலம் அண்மையதே. நெல்லும் மீனும் நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் அதன் தாமதத்துக்கு உட்பட்டிருந்தன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் தான் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் அதன் பின்னர் பாலங்கள் அமைந்தன. படையினரின் படகுக்கு வண்டி கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், உழவரின் வண்டிக்குப் பாலம் கிடைக்கவில்லை.

பாலங்கள் வந்தபின்னும் கதை முற்றுப்பெறவில்லை. 2021 நவம்பர் 23ஆந் திகதி, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடைபெற்ற காலத்தில் மாற்றாக இயங்கிய பாதை கவிழ்ந்து பள்ளிப்பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பெருங்கடற்படைத் தளமொன்று அமைந்துள்ள மாவட்டத்தில், ஒரு சிறு களப்பைப் பிள்ளைகள் பாதுகாப்பாகக் கடக்க வழியிருக்கவில்லை.

கருவிகள் தம்மளவில் எவர் பக்கமும் சார்வதில்லை. அவற்றை உடையோரின் தேவையே அவற்றின் திசையை வகுக்கின்றது. மகாவலி பெருக்கெடுக்கும் மாரியில் மூதூர், வெருகல் கிராமங்களுக்கு வேண்டப்படுவதும் வண்டியில் ஏற்றிவரத்தக்க அதே சிறுபடகுதான். ஆகவே இத்துறைமுகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர், எத்தனை கப்பல்கள் தங்கின என்று எண்ணுவதோடு நில்லாது, குடாவின் மறுகரையில் இருப்போர் எவ்வாறு கடந்தனர், யாருடைய அனுமதியுடன் கடந்தனர் என்பதையும் கேட்டல் வேண்டும்.